சாதுவான பிள்ளை என்று சந்தோஷப்படலாமா?

"இது சாதுவான புள்ள டீச்சர். இருக்கிற எடமே தெரியாது."

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி ஊவா மலைகளை உலுக்கிவிட்டுப் போன பின், பசறைப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த குடும்பங்களைப் பார்க்கப் போயிருந்தேன். தன் பேரனைக் காட்டி ஓர் அப்பாயி இப்படிச் சொன்னார். பையனுக்கு இரண்டு வயது முடிந்து சில கிழமைகள். மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டிய ஓர் ஓரத்தில், வெற்று பிஸ்கட் பக்கெட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழவில்லை, ஓடவில்லை, எதையும் கேட்கவுமில்லை. சுற்றியிருந்தவர்கள் மற்றப் பிள்ளைகளுக்கு அவனைத்தான் உதாரணமாகக் காட்டினார்கள்.

"முந்தியும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"எங்க டீச்சர்! லயத்துல இருக்கையில வாய் மூடாது. கோழியப் பாத்தா 'சூ'ம்பான், நாயக் கண்டா 'வா வா'ம்பான். இங்க வந்து அடங்கிட்டான்."

அந்த 'அடங்கிட்டான்' என்ற சொல்லைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். ஒரு மண்டபத்தில் பல குடும்பங்கள் ஒன்றாகக் கிடக்கும்போது பிள்ளையின் சத்தம் எல்லோருக்கும் தொந்தரவு. ஒரு பக்கம் காய்ச்சலில் ஒருவர் படுத்திருப்பார், மறுபக்கம் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவி, அதற்கு அப்பால் வீட்டு ஆளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்த ஒரு குடும்பம். இந்த நிலையில் எந்தத் தாயும் "சத்தம் போடாதே, சும்மா இரு" என்றுதான் சொல்வாள். அதில் அவளைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சத்தம் போடுவதுதான் வேலை. நாம் மலைக்குப் போவதும் பாத்தி கொத்துவதும் போல, அந்த வயதில் அது செய்யவேண்டிய வேலை அது. அந்த வேலையை நிறுத்திவிட்ட பிள்ளையை நாம் நல்ல பிள்ளை என்கிறோம்.

இது சில நாள் விஷயம் என்றால் கவலைப்பட வேண்டியதில்லை. எமது மாவட்டத்தில் அது சில நாளில் முடிவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும் பின்னர் தேயிலைத் தொழிற்சாலையொன்றிலும் தங்கவைக்கப்பட்டார்கள். மாக்கல்தெனியவில் கட்டிய 75 வீடுகள் அவர்களுக்குக் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். இடையில் இரண்டு வருடம். வீட்டுக் கணக்கில் பார்த்தால் அது ஒரு தாமதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிள்ளையின் கணக்கில் பார்த்தால், மண்சரிவு நாளில் கைக்குழந்தையாக இருந்த ஒரு பிள்ளை முதல் சொல் சொல்வதும், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவதும் எல்லாம் அந்த இரண்டு வருடத்துக்குள் நடக்கவேண்டியவை. வீடு பிந்திக் கட்டலாம். இழந்த மரக்கறிப் பாத்தியை அடுத்த போகத்தில் வேறொரு இடத்தில் போடலாம். பிள்ளையின் அந்த இரண்டு வயது நிவாரணப் பட்டியலில் பெயர் வரும்வரை காத்துக்கொண்டிருக்காது.

பேச்சு பிள்ளைக்குத் தானாக வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதி உண்மை. பேசுவதற்கான ஆற்றலோடுதான் பிள்ளை பிறக்கிறது. வயிற்றில் இருக்கும்போதே தாயின் குரலைக் கேட்டுப் பழகி, பிறந்த சில நாட்களுக்குள் அந்தக் குரலை வேறு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறிகிறது. ஆனால் அந்த ஆற்றல் சொல்லாக மாற, எதிரே ஓர் ஆள் வேண்டும். பிள்ளை "ஆ" என்கிறது, தாய் "என்னடா கண்ணு?" என்கிறாள். பிள்ளை மறுபடி "ஆ ஆ" என்கிறது, "ஓ, பசிக்குதா?" என்கிறாள். இது ஒரு பந்தை இருவர் மாறி மாறி உருட்டி விளையாடுவது போன்றது. ஒரு பக்கத்தார் உருட்டாமல் விட்டால், மற்றப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஆள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானும் விட்டுவிடும்.

எதிரே இருப்பது உயிருள்ள ஆளாக இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு நல்ல பரிசோதனை உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீனமொழியைக் கேட்கச் செய்தார்கள். சில குழந்தைகளுடன் சீனமொழி பேசும் ஒருவர் தரையில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆள் அதே விதமாகப் பேசுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பன்னிரண்டு தடவை இப்படிச் செய்த பின் பார்த்தால், நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. தொலைக்காட்சியில் கேட்டவை எதையும் கற்றிருக்கவில்லை. பட்றீசியா கூல் என்ற ஆய்வாளர் 2003இல் இதை வெளியிட்டார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இன்று தங்குமிடங்களில் பிள்ளையை அடக்கும் மருந்து கைத்தொலைபேசிதான். பாட்டை ஓடவிட்டுக் கையில் கொடுத்தால் பிள்ளை வாயைத் திறக்காது. "பாட்டெல்லாம் கேட்குது, அதனால பேச்சு வரும்" என்று தாய்மார் சொல்கிறார்கள். வராது. தொலைபேசி பிள்ளைக்குப் பதில் சொல்வதில்லை. இரண்டு வயது நிறையும்வரை பிள்ளைக்குத் திரை வேண்டாம், அதன் பின் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. ஒன்றுக்கு மாத்திரம் விலக்குத் தரலாம் என்பது என் அபிப்பிராயம். கொழும்பில் கடையில் நிற்கும் தகப்பனும் குவைத்தில் வீட்டு வேலை செய்யும் தாயும் முகம் பார்த்துப் பேசும் அழைப்பு அது. அங்கே எதிரே ஓர் ஆள் இருக்கிறார், பதில் சொல்கிறார். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நீங்களும் சேர்ந்து பேசுங்கள்.

"சாப்பாட்டுக்கே வழியில்லை, இதில் விளையாட்டா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2016இல் நாடு தழுவி எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது நூற்றுக்கு 32 அளவில் இருந்தது. அப்படி வளர்ச்சி குன்றிய பிள்ளைகளை வைத்தே ஜமெய்க்கா நாட்டில் ஒரு வேலை செய்தார்கள். அதுவும் நம்மைப்போல் வெள்ளைக்காரனின் தோட்டங்களில் உழைத்த மக்களின் நாடு. அங்கே கிங்ஸ்டன் நகரின் வறிய பகுதிகளில் 129 குழந்தைகளைத் தெரிவு செய்து, சிலருக்குப் பால்மாவும், சிலருக்குக் கிழமைக்கு ஒருமுறை வீடு தேடிவரும் சுகாதார உதவியாளரின் ஒரு மணித்தியாலமும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். மிச்சப் பேர் எதுவும் இல்லாமல் ஒப்பிடுவதற்காக இருந்தார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் உதவியாளர் செய்ததெல்லாம், வீட்டில் கழித்துப் போடும் சாமான்களால் செய்த விளையாட்டுப் பொருட்களை வைத்து, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடலாம் என்று தாய்க்குக் காட்டியது மாத்திரமே. இரண்டு வருடம் இது நடந்தது. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, பேச்சும் விளையாட்டும் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நூற்றுக்கு 25 பங்கு கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பால்மா மாத்திரம் பெற்றவர்களிடம் அப்படி நீடித்த பலன் காணப்படவில்லை.

திரிபோஷாவை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அது பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும். திரிபோஷா பக்கெட்டைக் கையில் கொடுக்கும் அதே வேளையில் பேச்சையும் கொடுங்கள் என்கிறேன்.

எப்படிப் பேசுவது? இதற்கெனத் தனியாக நேரம் ஒதுக்க ஒரு தோட்டத்துத் தாயால் முடியாது. விடியற்காலை பிரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, விறகு பொறுக்கி வந்து, ஈரப் படங்கைக் கழற்றும்போது இருட்டிவிடும். ஆகவே செய்கிற வேலைக்குள்ளேயே பேச்சை நுழைக்கவேண்டும். பீலியில் குளிப்பாட்டும்போது "தண்ணி ஊத்துறேன், கைய நீட்டு, ஐயோ குளிருதா, இந்தா முதுகு" என்று செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்யலாம். ரொட்டி தட்டும்போது ஒரு சின்ன உருண்டை மாவைப் பிள்ளை கையில் கொடுத்து, "அம்மாவோடது பெருசு, பாப்பாவோடது சின்னது" எனலாம். துணி மடிக்கும்போது "இது அப்பா சட்டை, இது யாரு சட்டை?" என்று கேட்கலாம். கேட்டபின் ஒரு காரியம் மறக்காமல் செய்யவேண்டும். வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணும் நேரம் காத்திருக்கவேண்டும். பெரியவர்களாகிய நமக்கு அதுதான் கஷ்டம். பிள்ளை பதிலைத் தேடி எடுக்க நேரம் பிடிக்கும். அதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதை இரண்டாக்கித் திருப்பிக் கொடுங்கள். "போச்சு" என்ற ஒரு சொல்லை வைத்து நம் பிள்ளைகள் எத்தனை காரியம் நடத்துகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? பந்து உருண்டு ஓடினாலும் போச்சு, லைட் அணைந்தாலும் போச்சு, அப்பா வேலைக்குப் போனாலும் போச்சு. "ஆமா, பந்து போச்சு", "அப்பா வேலைக்குப் போயிட்டாரு" என்று நீங்கள் நிறைவாக்கிச் சொன்னால் போதும், அடுத்த மாதம் அது "பந்து போச்சு" என்று சேர்த்துச் சொல்லும். "அப்படி இல்ல, ஒழுங்கா சொல்லு" என்று திருத்தத் தேவையில்லை. விருந்தாளிகள் முன் நிறுத்தி "மாமாவுக்கு யானை சொல்லிக் காட்டு, பூனை சொல்லிக் காட்டு" என்று பரீட்சை வைப்பதும் வேண்டாம். பிள்ளை எதைப் பார்க்கிறதோ, எதைச் சுட்டுகிறதோ, அதைப் பற்றிப் பேசுவதுதான் அதன் மனதில் பதியும்.

விளையாட்டுக்கும் கடைக்குப் போகவேண்டியதில்லை. பால்மாப் பேணி, சிரட்டை, பழைய துணியில் கட்டிய பந்து, காய்ந்த மரவள்ளித் தண்டு, இவை போதும். (வாய்க்குள் போகக்கூடிய போத்தல் மூடி, விதை, பொத்தான் வேண்டாம். தொண்டையில் அடைத்துவிடும்.) அப்பாயிமாரும் அம்மாயிமாரும் கையில் வைத்திருக்கும் விளையாட்டுகளை நான் எந்தப் புத்தகத்துக்கும் குறைவாக மதிப்பதில்லை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகச் சோறு பங்கு வைத்து, கடைசியில் கைவழியே ஏறிக் கக்கத்தில் கிச்சுகிச்சு மூட்டும் விளையாட்டைப் பாருங்கள். கை எங்கே வரும், எப்போது வரும் என்று பிள்ளை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறது. அடுத்த சொல்லை எதிர்பார்க்கப் பழகுகிறது. இரண்டாம் நாள் தானே கையை நீட்டி "இன்னும்" என்கிறது. முந்தானையால் முகத்தை மூடித் திறப்பதும் அப்படித்தான். மேல்நாட்டுப் பேராசிரியர்கள் படம் போட்டு விளக்கும் பாடத்தை நம் கிழவிகள் லயத்து இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்தபடி நடத்தியிருக்கிறார்கள்.

அந்தக் கிழவிகளின் பேச்சு கொச்சை என்று இப்போது சில இளம் பெற்றோர் வெட்கப்படுகிறார்கள். "வந்தாக, போனாக என்று பிள்ளை பழகிவிடும்" என்று பாட்டியிடம் விடாமல், தாங்கள் சரியாகப் பேசாத ஆங்கிலத்தில் இரண்டு சொல்லைப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். இது பெரிய நட்டம். பிள்ளைக்கு வேண்டியது, பேசுகிறவருக்கு மூச்சு விடுவதுபோல் வரும் மொழி. கோபம், கேலி, கொஞ்சல், கதை எல்லாம் வரும் மொழி. இலக்கணத் தமிழைப் பாடசாலை கற்றுக்கொடுக்கும். அதேபோல் தங்குமிடத்தில் சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடினால் பேச்சு குழம்பும் என்ற பயமும் தேவையில்லை. இரண்டு மொழி கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு பிந்துவதில்லை. சில காலம் இரண்டையும் கலந்து பேசும், பின்னர் யாரிடம் எது என்று தானே பிரித்துக்கொள்ளும். பதுளை மாவட்டத்தில் மண் சரிந்தபோது அது தமிழன் வீடு, சிங்களவன் வீடு என்று பார்க்கவில்லை. பிள்ளைகளும் பார்க்காமல் விளையாடட்டும்.

ஒரு விளையாட்டைப் பற்றி மாத்திரம் தனியாகச் சொல்லவேண்டும். மண்சரிவைக் கண்ட சின்னப் பிள்ளைகள் மண்ணைக் குவித்து அதன்மேல் தள்ளி "மூடிப் போச்சு" என்று திரும்பத் திரும்ப விளையாடுவார்கள். பார்க்கிற பெரியவர்களுக்கு நெஞ்சு பதறும், "அபசகுனம்" என்று அடிப்பார்கள். அடிக்காதீர்கள். பயத்தைச் சொல்லச் சொல் இல்லாத வயதில் கைதான் அதைச் சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, மண்ணு வந்துச்சு. நம்ம ஓடி வந்துட்டோம். இப்ப அம்மாகிட்ட இருக்க" என்று நடந்ததைச் சொல்லிக் கொடுங்கள்.

இவ்வளவும் சொன்னபின், தாய்மார் சிலர் என்னைக் கோபமாகப் பார்ப்பார்கள் என்று தெரியும். கணவனையோ மூத்த பிள்ளையையோ பறிகொடுத்தவளிடம் போய் "சின்னவனோடு சிரித்துப் பேசு" என்பது எவ்வளவு கொடுமை! வாய் திறக்கவே மனமில்லாத காலம் அது. பிள்ளையின் பேச்சை அவள் தலையில் மாத்திரம் கட்டும் பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்த மண்டபத்தில் தகப்பன் இருக்கிறார், பெரியப்பா இருக்கிறார், வேலையில்லாமல் சீட்டு விளையாடும் அண்ணன்மார் இருக்கிறார்கள். பிள்ளையைத் தோளில் ஏற்றி ஒரு சுற்று நடந்து, காக்கையையும் லொறியையும் காட்டிப் பேசுவது ஆண்பிள்ளைக்கு இழுக்கு அல்ல. அப்படி ஒருவர் அரை மணித்தியாலம் எடுத்துக்கொண்டால், தாய்க்கு அழுவதற்காவது தனியாக ஓர் இடம் கிடைக்கும்.

குடும்பத்தோடு பொறுப்பு முடிந்துவிடுவதுமில்லை. 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்ததும் தாய் மலை ஏறுகிறாள், பிள்ளை பிள்ளைக்காம்பராவுக்குப் போகிறது. இன்று பெயர்ப்பலகையில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையம். பலகை மாறியதால் உள்ளே இருக்கும் ஆயம்மாவுக்குக் கைகள் கூடிவிடவில்லை. ஒருவரே பாலும் கரைத்து, துணியும் அலசி, தொட்டிலும் ஆட்டவேண்டியிருந்தால், எந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவார்? அங்கே பிள்ளைக்கு எத்தனை ஆள் என்று தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் நாம் கேட்கவேண்டும். சம்பளப் பேச்சு நடக்கும் மேசையில் இதையும் வைக்கலாம். பக்கத்துத் தங்குமிடத்தில் இருக்கும் பிள்ளைகளை, தோட்டத்தில் பெயர் பதியாத குடும்பம் என்று சொல்லி அந்த வாசலில் நிறுத்தக்கூடாது.

தங்குமிடம் அமைக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. மலசலகூடத்துக்கும் சமையலுக்கும் இடம் ஒதுக்குகிறீர்கள். அதே வரைபடத்தில், பாய் இரண்டு விரிக்கக்கூடிய ஒரு மூலையைச் சத்தம் போடும் இடம் என்று குறியுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு மணித்தியாலம் போதும். அங்கே வந்து உட்காரும் ஒரு பாட்டிக்கோ, உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் ஒரு பெண்பிள்ளைக்கோ ஒரு சிறு கொடுப்பனவு கொடுங்கள். மண்டபத்தின் மற்றப் பக்கமும் அமைதியாக இருக்கும்.

சில பிள்ளைகளுக்கு இது மாத்திரம் போதாது. ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் வராத பிள்ளை, இரண்டு வயதில் "அம்மா வா" போல் இரண்டைச் சேர்க்காத பிள்ளை, சொன்ன சொற்களை இழந்துவிட்ட பிள்ளை, காது வடியும் பிள்ளை, இவர்களைக் கிளினிக்கில் காட்டவேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறந்ததும் தந்த வளர்ச்சிப் பதிவேட்டில் எந்த வயதில் என்ன செய்யவேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அது மண்ணோடு போயிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் புதிதாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நாக்கில் வசம்பு தேய்த்துக்கொண்டு நாலு வயது வரை பார்த்திருக்கவேண்டாம். "அவன் அப்பனும் பிந்தித்தான் பேசினான்" என்று சொல்லிக் காலம் கடத்தவும் வேண்டாம்.

பசறைப் பையனைப் பிறகு இரண்டு தடவை பார்த்தேன். அப்பாயி இப்போது மாலையில் அவனைப் பாடசாலை வாசல் படிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, கையில் பருப்புக் கடைகிறார். முதல் தடவை அவன் கையை இழுத்துக்கொண்டான். இரண்டாம் தடவை, மதிலில் வந்து உட்கார்ந்த காக்கையைப் பார்த்து "சூ" என்றான். இரண்டு சொல்லைச் சேர்த்து இன்னும் பேசவில்லை. காது பார்ப்பதற்குப் பதுளைக்கு வரச்சொல்லித் திகதி கொடுத்திருக்கிறார்கள். பஸ் காசுக்கு மண்டபத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள்.